ஓடாமல் கிடந்த செட்டிநாட்டு வண்டியும் அணையாத எஞ்சின் லைட்டும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் ஒரு தனி ரகம் உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று ஊருக்கு வரும்போது மட்டும் ஷெட்டைத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் வண்டி தூசி படிந்து நிற்கும். "ஆச்சி வீட்டு வண்டிண்ணே, ஓடவே இல்ல" என்று தரகர் சொல்வதில் பெரும்பாலும் பொய் இருக்காது. அந்த வண்டிக்கு ஓடாததே வியாதி. வாங்கிக்கொண்டு வந்து ஒரு வாரத்துக்குள் மீட்டரில் மஞ்சள் நிற எஞ்சின் படம் எரியும். மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி ஒரு கோடு (code, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்) சொல்வார், அந்தக் கோட்டில் இருக்கும் சென்சாரின் பேரைச் சொல்லி மாற்றச் சொல்வார். மாற்றிய பிறகும் லைட் எரியும். கடையில் எலெக்ட்ரிக்கல் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

கோடு எந்தப் பொருள் கெட்டது என்று சொல்வதில்லை. எந்த அளவு எதிர்பார்த்ததிலிருந்து விலகியது என்று மட்டும்தான் சொல்லும். விலகியதற்குக் காரணம் பேட்டரியாக இருக்கலாம், எலி கடித்த ஒயராக இருக்கலாம், விரிசல் விட்ட ரப்பர் ஹோஸாக இருக்கலாம். நின்று கிடந்த வண்டியில் சென்சாரைச் சந்தேகப்படுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும்.

வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது

சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவாருங்கள், செல்ஃப் அடிக்காதீர்கள். எஞ்சின் லைட் அப்போது கட்டாயம் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது மீட்டருக்குள் கை வைத்திருக்கிறார்கள். சிலர் இன்னும் கெட்டிக்காரத்தனமாக எஞ்சின் லைட்டை ஆயில் பிரஷர் லைட்டோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இரண்டும் ஒரே நொடியில் அணைகிறதா என்று உற்றுப் பாருங்கள்.

அடுத்தது ஸ்கேன். 2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை மாட்டும் இடம் அதுதான். அதில் செருகும் ஈஎல்எம் 327 வகை புளூடூத் டாங்கிள் ஒன்றும் போனில் ஒரு ஆப்பும் போதும். மிக மலிவான போலி டாங்கிள்கள் சில வண்டிகளோடு பேசாது, அல்லது பாதி தகவலைத்தான் காட்டும். அதனால் வாங்கியதும் தெரிந்தவர் வண்டி ஒன்றில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கோடு இல்லை என்று வந்தால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். "அது சும்மா சென்சார் லைட்டுண்ணே, பேட்டரியக் கழட்டி மாட்டுனா போயிரும்" என்கிற வைத்தியத்தைக் காலையில்தான் செய்திருப்பார்கள். ஆப்பில் இரண்டு இடத்தைத் தேடுங்கள். ஒன்று, கோடு அழித்த பிறகு ஓடிய தூரம். ஓடோமீட்டரில் 42,000 இருக்க, இது 6 கிலோமீட்டர் என்று காட்டினால் கதை புரியும். இரண்டாவது, ரெடினஸ் மானிட்டர்கள். வண்டி தன்னையே சோதித்துக்கொள்ளும் பட்டியல் அது; கோடு அழித்தால் கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர்), ஆக்ஸிஜன் சென்சார் சோதனைகளெல்லாம் 'முடியவில்லை' என்று ஆகிவிடும். புது பேட்டரி போட்டாலும் இதே நிலைதான் வரும் என்பதால் விற்பவரை உடனே திருடன் என்று முடிவு கட்டத் தேவையில்லை. காரைக்குடியிலிருந்து திருமயம் வரை போய்த் திரும்பினால் நாற்பது கிலோமீட்டர் கிட்ட வரும். பாதி தூரம் ஏசி போட்டு, பாதி தூரம் அணைத்து, ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம், இடையில் ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்து ஓட்டுங்கள். பிறகு மறுபடி ஸ்கேன். இப்போது 'பெண்டிங்' கோடுகளையும் பாருங்கள். பல கோளாறுகள் முதல் ஓட்டத்தில் பெண்டிங்கில் நிற்கும், அடுத்த ஓட்டத்திலும் தென்பட்டால்தான் லைட் எரியும்.

லைட் எரிந்துகொண்டே இருந்தால் வண்டியை ஓட்டி வீடு சேரலாம். கண் சிமிட்டுவது போல் விட்டுவிட்டு எரிந்தால் ஓட்டக் கூடாது. ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆகி (சரியாக எரியாமல் போய்), எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். கன்வர்ட்டரின் விலையைக் கேட்டால் கயிறு கட்டி இழுத்துப் போவதே மேல் என்று தோன்றும்.

கோடு கிடைத்ததும் அழிக்காதீர்கள். கோடையும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம், எஞ்சின் சூடு, வேகம், லோடு எவ்வளவு என்று அதில் இருக்கும். கோளாறு காலையில் குளிர்ந்த எஞ்சினில் வந்ததா, நெடுஞ்சாலையில் 90-இல் வந்ததா என்பது பாதி விடை. அழித்தால் அதுவும் போய்விடும்.

முதலில் பேட்டரி

சாவி எடுத்த பிறகும் கடிகாரம், சென்ட்ரல் லாக், இசியு (எஞ்சினின் கம்ப்யூட்டர்) எல்லாம் கொஞ்சம் கரண்ட் இழுக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். சின்னக் காரின் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒரு மாதத்தில், பாதி கரண்ட்தான் இழுத்தாலும் இரண்டு மாதத்தில் படுத்துவிடும். இப்படி முழுதாக இறங்கி இறங்கி ஏறிய பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டைத் தாங்காது. அந்த நொடியில் இசியுவும் ஏபிஎஸ்ஸும் ஸ்டீயரிங்கும் ஒன்றோடொன்று பேச முடியாமல் ஆளுக்கொரு கோடு போடும். பி0562 (வோல்ட் குறைவு), 'யு' எழுத்தில் தொடங்கும் கோடுகள் என்று ஒரே நேரத்தில் ஏழெட்டு வந்தால் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.4-இலிருந்து 12.7 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடும்போது 13.8-இலிருந்து 14.5. ஓடும்போதும் 12 சொச்சம்தான் என்றால் டைனமோ பக்கம் கோளாறு. இதெல்லாம் சரியாக இருந்தால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை பூசணம் பிடித்திருக்கிறது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். செலவு ஒன்றுமில்லை. ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் லாரி பேட்டரி பக்கம் போகாதீர்கள். லாரியில் 24 வோல்ட், இசியு போய்விடும்.

பேட்டரி சரியான பிறகு எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். திரும்பி வருகிற கோடுதான் உண்மையான கோடு.

எலி

பழைய வீட்டுக் கார் ஷெட்டில் நெல் மூட்டை, தேங்காய், பழைய பாய் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். எலிக்கு பானட்டுக்குள் சூடும் மறைவும் கிடைக்கும். எஞ்சின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜெக்டர், காயில் ஒயர்கள் ஓடும் இடம், பேட்டரி தட்டின் அடி, ஃபயர்வால் ஓரம் இவைதான் எலியின் வழக்கமான இடங்கள். பல நாள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பெட்ரோல் ஹோஸில் பல் பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒயரில் பல் பட்டால் லைட்தான் எரியும், ஹோஸில் பட்டால் வண்டியே எரியும்.

ஒயர் அறுந்ததா, சென்சார் கெட்டதா என்று பிரித்துக் காண்பதற்கு ஒரு சோதனை போதும். கூலன்ட் வெப்ப சென்சாருக்கு பி0118 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லைவ் டேட்டாவில் (ஆப்பில் அப்போதைக்கப்போது ஓடும் அளவுகளில்) எஞ்சின் சூடு மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். எந்த மார்கழியிலும் காரைக்குடியில் அந்தக் குளிர் வராது. சர்க்கியூட் எங்கோ துண்டாகியிருக்கிறது, அதனால் இசியு அளவின் கடைசி எல்லையைக் காட்டுகிறது. சாவியை அணைத்து, சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். ஒயர் பக்கம் இருக்கும் கப்ளரின் இரண்டு பின்னையும் சின்ன ஒயர்த் துண்டு ஒன்றால் இணைத்து, சாவியை ஆன் செய்யுங்கள். மைனஸ் 40 இருந்த இடத்தில் 120, 140 என்று எகிறினால் ஒயரும் இசியுவும் நலம், சென்சார்தான் போயிருக்கிறது, தாராளமாக வாங்குங்கள். எகிறாமல் அப்படியே நின்றால் கோளாறு ஒயரில். புது சென்சார் நூறு வாங்கினாலும் லைட் அணையாது. கழற்றிய சென்சாரையும் ஓம் மீட்டரில் பார்க்கலாம்: பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரி வெந்நீரில் 300 ஓம் சுற்றி வரும்.

இந்தச் சோதனை இரண்டு பின் கொண்ட வெப்ப சென்சாருக்கு மட்டும். மூன்று, நான்கு பின் இருந்தால் அதில் ஒன்று பெரும்பாலும் 5 வோல்ட் சப்ளை, அதை ஒயர்த் துண்டால் இணைக்கவே கூடாது. இன்னொன்று, கூலன்ட் சென்சாரைக் கழற்றியதும் பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் தானாக முழு வேகத்தில் சுற்றத் தொடங்கும். கை அந்தப் பக்கம் இருக்க வேண்டாம்.

சம்பந்தமே இல்லாத மூன்று நான்கு சென்சார்களுக்கு ஒன்றாகக் கோடு வந்தால் அந்த 5 வோல்ட்டை மீட்டரில் பாருங்கள். எங்கோ ஓர் ஒயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால் எல்லாச் சென்சாருக்கும் சப்ளை விழுந்துவிடும். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள்; எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு.

கடித்த ஒயரை முறுக்கி டேப் ஒட்டுவது மழைக்காலம் வரை தாங்கும். சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். ஆக்ஸிஜன் சென்சாரின் சொந்த ஒயரை மட்டும் சால்டர் செய்யாமல் கிரிம்ப் செய்ய வேண்டும். பல சென்சார்கள் அந்த ஒயரின் உள்ளிடைவெளி வழியாகத்தான் வெளிக்காற்றை எடுக்கின்றன.

பி0171: காற்று அதிகமா, பெட்ரோல் குறைவா

பெட்ரோல் வண்டியில் அடிக்கடி வரும் கோடு இது. கலவையில் காற்று மிகுந்திருக்கிறது என்று பொருள். பலரும் நேரே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவார்கள். பாவம், அது சேதி சொன்ன ஆள் மட்டுமே.

லைவ் டேட்டாவில் லாங் டேர்ம் ஃபியூயல் டிரிம் என்று ஒரு சதவீதம் இருக்கும். இசியு தானாகக் கூட்டிக் குறைக்கும் பெட்ரோலின் அளவு அது. பிளஸ் 10, மைனஸ் 10-க்குள் இருந்தால் கவலை இல்லை. நன்றாகச் சூடான எஞ்சினில் ஐடிலில் ஒரு தடவை, 2,500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் நிறுத்தி ஒரு தடவை எழுதிக்கொள்ளுங்கள். ஐடிலில் பிளஸ் 18, ரேஸ் கொடுத்தால் பிளஸ் 3 என்று இறங்கினால் எங்கோ ஏர் இழுக்கிறது. ஐடிலில் உள்ளே போகும் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் இவற்றைப் பாருங்கள். வெயிலில் வெந்த ரப்பர் மேலே நன்றாக இருக்கும், வளைத்தால் அடியில் பிளந்திருக்கும். கார்ப் கிளீனர் அடித்து ஓட்டை தேடுவது பலரும் செய்கிற வேலை. சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும். தண்ணீர் ஸ்பிரே மெல்ல அடித்தாலே, ஓட்டை இருக்கும் இடத்தில் எஞ்சின் சத்தம் மாறும்.

மாறாக, ஐடிலில் பிளஸ் 5, ஏற்றத்திலும் வேகத்திலும் பிளஸ் 20 என்றால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர், பம்ப், அடைத்த இன்ஜெக்டர். நின்ற வண்டியில் இதற்கு முன் பெட்ரோலையே சந்தேகப்படுங்கள். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பல மாதம் கிடந்தால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பழைய பெட்ரோலை இறக்கி, பத்து லிட்டர் புதிதாக ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. 10 சதவீதக் கலவைக்கு உருவான வண்டியில் 20 போட்டால் டிரிம் சுமார் 4 சதவீதம் கூடுவது இயல்பு. அது மட்டுமே லைட்டை எரிய வைக்காது. ஏற்கெனவே பிளஸ் 15-இல் தள்ளாடிக்கொண்டிருந்த வண்டியை எல்லை தாண்ட வைக்கும்.

ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். நம் பக்கத்துச் செம்மண் புழுதி கம்பெனி சொல்லும் கிலோமீட்டருக்கெல்லாம் காத்திருக்காது. பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருப்பதும் சகஜம். மேப் சென்சார் (இன்டேக்கில் காற்றழுத்தத்தை அளப்பது) உள்ள வண்டியில் இன்னொரு எளிய சோதனை: சாவி ஆன், எஞ்சின் ஓடாத நிலையில் 100 கிலோபாஸ்கல் கிட்டக் காட்ட வேண்டும், சூடான எஞ்சின் ஏசி இல்லாமல் ஐடிலில் 30-இலிருந்து 45. சாவி ஆனிலேயே 80 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது.

மிஸ்ஃபயரும் மற்றவையும்

பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஸிங். ஒவ்வொரு பிளக் மேலும் தனிக் காயில் உள்ள வண்டியில் இரண்டாவதின் காயிலையும் மூன்றாவதின் காயிலையும் இடம் மாற்றுங்கள். கோடு பி0303 ஆனால் காயில் போயிற்று. மாறாவிட்டால் அடுத்துப் பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர். மூன்றும் மாறியும் இரண்டிலேயே நின்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும், அது வேறு செலவு. பிளக் கிணற்றில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையேல் புதுக் காயிலும் ஊறிப்போகும்.

வண்டி சூடானதும் நின்று, அரை மணி ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆனால், பி0335 வந்தாலும் வராவிட்டாலும், கிராங்க் சென்சாரை (எஞ்சின் சுற்றுவதை இசியுவுக்குச் சொல்வது) கவனியுங்கள். ஸ்டார்ட் ஆகாத அந்த நேரத்தில் செல்ஃப் அடித்துக்கொண்டே லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் பாருங்கள். எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஆர்பிஎம் பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சார் அல்லது அதன் ஒயர். ஆறின பிறகு ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால் எல்லாம் நன்றாகத்தான் காட்டும்.

எஞ்சின் போதிய அளவு சூடாகவில்லை என்னும் பி0128 நம் ஊருக்கே உரிய கோடு என்று சொல்லலாம். "இந்த வெயிலுக்கு வால்வு எதுக்குண்ணே" என்று சொல்லி தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. பிறகு நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடு 65, 70 என்று இறங்கும், இசியு குளிர் எஞ்சின் என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும், மைலேஜ் விழும். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுவதுதான் வைத்தியம். கூடவே ரேடியேட்டரில் போர் தண்ணீர் இருந்தால் இறக்கிவிட்டுக் கூலன்ட் ஊற்றுங்கள்.

பி0420 கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை என்கிறது. கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் அசையாமல் நிற்க வேண்டும். முன் சென்சாரைப் போலவே அதுவும் 0.1-க்கும் 0.9-க்கும் ஆடினால் கன்வர்ட்டர் காலி. அதற்கு முன் எக்ஸாஸ்ட் ஜாயின்ட்டில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். சூடு ஆறிய கன்வர்ட்டரைக் கையால் தட்டுங்கள். உள்ளே கலகலத்தால் உடைந்திருக்கிறது. உள்ளிருக்கும் பிளாட்டினம், பல்லேடியத்துக்காகக் குடைந்து எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டிய வண்டிகளும் சந்தையில் உண்டு.

அமெரிக்க வீடியோக்களில் முதலில் பெட்ரோல் மூடியை இறுக்கச் சொல்வார்கள். அங்கே டேங்கின் ஆவிக் கசிவைக் காரே சோதிக்கும். நம் பி.எஸ். 4 (புகை விதியின் முந்தைய கட்டம்) வண்டிகளில் பெரும்பாலும் அந்தச் சோதனை கிடையாது. மூடியை இறுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

டீசல் வண்டியில் பி0401 வந்தால் இஜிஆர் வால்வில் (புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடுவது) கரி அடைப்பு. கழற்றிச் சுத்தம் செய்யலாம். தகடு வெட்டி அடைப்பது இங்கே பரவலாகச் செய்கிற குறுக்கு வழி. அந்தத் தகடே பிறகு அதே கோட்டைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும். பி0087 (டீசல் பிரஷர் குறைவு) என்றால் ஹை பிரஷர் பம்ப் என்று பயமுறுத்துவதற்கு முன் டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தித் தண்ணீரை இறக்குங்கள், ஃபில்டரை மாற்றுங்கள். பி0299-க்கு (டர்போவின் காற்றழுத்தம் குறைவு) டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ்களில் ஆயில் ஈரம் இருக்கும் இடத்தைத் தேடுங்கள், கிளிப் கழன்றிருக்கும். பி.எஸ். 6 டீசலில் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) லைட் வந்தால், காரைக்குடிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்ததுதான் காரணமாக இருக்கும். புதுக்கோட்டை சாலையில் 60-க்கு மேல் ஒரே சீராக இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓட்டினால் கரி தானாக எரியும். அந்த லைட்டோடு எஞ்சின் லைட்டும் சேர்ந்து எரிந்தாலோ, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ ஓட்டித் தீர்க்கப் பார்க்காமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது "எஞ்சின் லைட் எரியுது, பாருங்க" என்று சாவியைக் கொடுக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட், ஐடிலிலும் 2,500-இலும் டிரிம், பேட்டரி வோல்ட், எப்போது எரிந்தது என்ற நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து கோடு அழித்த பிறகு ரெடினஸ் எல்லாம் முடியும் வரை ஓட்டி, பெண்டிங்கிலும் ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம். முன்கூட்டியே இப்படிப் பேசிக்கொண்டால் நல்ல மெக்கானிக் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.